எருக்கம் நாரிலிருந்து பிரெய்டு வரை: கொடுவாவுக்குப் போட்ட நூல்களின் கதை

சனி, ஞாயிறு ஆனால் கும்மிடிப்பூண்டி தாண்டி நம்ம சுண்ணாம்புக்குளம் பக்கம் நாலைந்து பைக்காவது வந்துவிடுகிறது. முதுகில் நீளமாக ஒரு பை, அதில் ராடு. இடுப்பில் ஒரு டப்பா, அதில் ரப்பர் மீன், பிளாஸ்டிக் இறால். வரப்பில் நிற்கிற என்னைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, ஏரியில கொடுவா இருக்கா?" ரெண்டாவது கேள்வி, "எந்த லைன் போட்டா தாங்கும்?"

நான் மீன் பிடிக்கிறவன் இல்லை. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவன். ஆனால் அந்த ரெண்டாவது கேள்விக்கு விவசாயிக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. தூண்டில் நூலும் வலை நூலும் கடையிலிருந்து வரவில்லை, எங்கள் வயலிலிருந்தும் வரப்பிலிருந்தும்தான் போயிற்று. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். நடுவில் எந்த லைன் வாங்கலாம் என்பதும் வந்துவிடும், கவலைப்படாதீர்கள்.

முதலில் மீனைப் பற்றி. சென்னையில் பெரிய ஓட்டல்களில் 'சீ பாஸ்' என்று தட்டில் வைக்கிறார்களே, அது பெரும்பாலும் நம்ம கொடுவாதான். ஏரிக்கு வடக்கே ஆந்திராவில் பண்டுகப்பா, கேரளத்தில் காளாஞ்சி, வங்காளத்தில் பேட்கி, ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிற நம்மவர்கள் சியாகாப் என்பார்கள். மலாய் மொழியில் இதை காகாப் என்றும் சொல்வது உண்டு. அதை வெள்ளைக்காரன் காதில் வாங்கி 'காக்-அப்' ஆக்கினான். 1886ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில்கூட அந்தச் சொல் இருக்கிறது. அமெரிக்காக்காரர்கள் வீடியோவில் 'பாஸ் ஃபிஷிங்' என்று காட்டுவது வேறு மீன். அது குளத்து நன்னீர் மீன், இதற்குச் சொந்தக்காரன் இல்லை. அந்த வீடியோவைப் பார்த்துச் சாமான் வாங்கிக்கொண்டு இங்கே வருகிறவர்கள் முதல் கொடுவாவிலேயே நூலை அறுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் அறுகிறது? 1790ல் ப்ளோக் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த மீனுக்கு வைத்த அறிவியல் பெயரில் 'கால்காரிஃபர்' என்று ஒரு சொல் வருகிறது. லத்தீனில் குதிமுள்ளைத் தாங்கியது என்று அர்த்தம், சேவல் காலில் இருக்கிறதே அந்த மாதிரி முள். கொடுவாவின் கன்னத்தில், செவுள் மூடிக்கு முன்னால், வலுவான முள் ஒன்று இருக்கிறது. செவுள் மூடியின் ஓரமோ பிளேடு மாதிரி. முள் மாட்டியதும் கொடுவா தண்ணீருக்கு மேலே எகிறி, வாயைத் திறந்து, தலையை இப்படியும் அப்படியும் உதறும். அந்த உதறலில் நூல் செவுள் ஓரத்தில் பட்டால் முடிந்தது கதை. அது இல்லாவிட்டாலும் அதன் உதட்டுக்குள் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. பத்து நிமிஷம் இழுபறி நடந்தால் நூல் தேய்ந்து நார் நாராகப் பிரியும். அதனால் கொடுவாவுக்கு நூல் தேர்ந்தெடுப்பது என்றால் ரெண்டு கணக்கு: இழுவையைத் தாங்க வேண்டும், உரசலையும் தாங்க வேண்டும். அந்தக் காலத்திலும் இதே ரெண்டு கணக்குதான்.

கோலை எடுத்துக்கொள்வோம். குறுந்தொகையில் 54ஆம் பாட்டு பாடியவரின் சொந்தப் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. அவர் சொன்ன ஓர் உவமையை வைத்தே அவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர் போட்டுவிட்டார்கள். காட்டு யானை பச்சை மூங்கிலை வளைத்துத் தின்னப் போகிறது, தினைப்புனம் காக்கிறவனின் கவண் சத்தம் கேட்டு மிரண்டு கையை விடுகிறது. மூங்கில் விர்ரென்று மேலே எழுகிறது, மீன் மாட்டியதும் தூக்கிய தூண்டில் கோல் மாதிரி. இன்றைக்கு ராடு விற்கிற கடைக்காரர் 'ஃபாஸ்ட் ஆக்ஷன்' என்று ஆங்கிலத்தில் சொல்வாரே, வளைந்த நுனி எவ்வளவு வேகமாக நிமிர்கிறது என்று, அந்தச் சங்கதியைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். குறிஞ்சிப் பாட்டில் நெய்தல் நிலத்துச் சாமான் வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். கோல் பார்த்த கண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

மூங்கில் கோல் அப்புறமும் நிறைய தூரம் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மூங்கிலைப் பிளந்து, சீவி, ஆறு பட்டையாக ஒட்டி ராடு செய்தார்கள். அதற்கு முதலில் கப்பலேறியது 'கல்கத்தா கேன்' என்ற நம் நாட்டு மூங்கில். பிறகு சீனாவின் டாங்கின் மூங்கில் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. ரெண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஃபைபர் கிளாஸ், 1970களில் கார்பன். நம்ம பக்கத்துப் பையன்கள் இன்றைக்கும் வாய்க்கால் மதகில் கெண்டை பிடிப்பது மூங்கிலில்தான்.

இப்போது நூலுக்கு வருகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

எருக்கஞ்செடியை உங்களுக்குப் பிள்ளையார் சதுர்த்தி மாலையாகத் தெரியும். எங்களுக்கு அது வரப்பில் தானாக முளைக்கிற களை, ஆடுகூடக் கடிக்காது. ஆனால் அதன் தண்டைக் காயவைத்து உரித்தால் பட்டுப்போல வெள்ளையாக ஒரு நார் வரும். வில்லுக்கு நாணாகவும் தூண்டிலுக்குக் கயிறாகவும் அந்த நாரைத் திரித்திருக்கிறார்கள். தண்ணீரில் சீக்கிரம் அழுகாது என்பது அதற்கு இருந்த பெயர். சென்னை மாகாணத்தில் தாவர ஆராய்ச்சி செய்த ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நம் ஊர் நார்களை எல்லாம் ஒரே அளவு கயிறாகத் திரித்து எடையைத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார். ஃபோர்ப்ஸ் ராயில் 1855ல் வெளியிட்ட இந்திய நார்ச்செடிகள் பற்றிய புத்தகத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது. தேங்காய் நார் 224 பவுண்டில் அறுந்தது. மருள் 316. பருத்தி 346. கற்றாழை 362. சணப்பு 407. எருக்கு மட்டும் 552 பவுண்டு தாங்கியது. பட்டியலில் முதலிடம், களைச்செடிக்கு!

அந்தப் பட்டியலில் ஆங்கிலேயர்கள் எழுதியிருக்கிற பெயர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். 'எர்க்கம்', 'ஜனப்பம்', 'மரூல்', 'கத்தலை நார்'. எல்லாமே தமிழ், அதுவும் நம்ம ஊர்க்காரன் வாயில் சொன்ன தமிழ். யாரோ ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்து நாரைத் தொடையில் வைத்து உருட்டிக்கொண்டே சொல்லியிருப்பார், துரை எழுதிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

எருக்கு வலுவானதுதான், ஆனால் உரிப்பதற்குள் பிராணன் போய்விடும். ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கையளவு நார்தான் தேறும். அதனால் ஒற்றைத் தூண்டிலுக்குச் சரி, வலைக்கு ஆகாது. வலைக்குச் சணப்பும் பருத்தியும். சணப்பை இன்று நாங்கள் பசுந்தாள் உரமாக விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதுவிடுகிறோம். நாருக்காக வளர்க்கிற சணப்பு வேறு கணக்கு. நெருக்கமாக விதைக்க வேண்டும், கிளைக்காமல் ஒற்றைத் தண்டாக ஆளுயரத்துக்கு மேல் போக வேண்டும், அறுத்துக் குட்டையில் ஊறப்போட்டு, அழுகிய பிறகு துவைத்து நாரை எடுக்க வேண்டும். அந்த நாற்றம் ஊரையே தூக்கும் என்பார்கள். பதிலுக்குக் குப்பத்திலிருந்து கருவாடும், உரத்துக்கு மீன் கழிவும் வயலுக்கு வரும்.

பருத்தி நூலுக்கு ஒரு பெரிய வியாதி உண்டு, உளுத்துப்போவது. உப்புத் தண்ணீரில் நனைந்த நூலை அப்படியே சுருட்டி வைத்தால் சில நாளில் கையில் பிய்ந்து வரும். அதற்கு மருந்து துவர்ப்பு. துவர்ப்பு நிறைந்த மரப்பட்டையைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் வலையையும் தூண்டில் கயிற்றையும் முக்கி எடுப்பார்கள். தோல் பதனிடுவதும் இதே வேதியியல்தான். நூல் காவி நிறமாக மாறும், கொஞ்சம் விறைக்கும், அழுகல் தள்ளிப்போகும். கொஞ்ச நாளில் மறுபடியும் முக்க வேண்டும். ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது: "நைனா, அப்பல்லாம் மீன் புடிக்கறது பாதி நாளு, வலைய காயப்போடறது பாதி நாளு. மழை வந்துச்சுனா வலையும் போச்சு, சோறும் போச்சு."

இதே காலத்தில் இன்னொரு பக்கம் துரைமார்களும் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹென்றி சல்லிவன் தாமஸ் என்று ஒருத்தர், சென்னை மாகாணத்து சிவில் சர்வீஸ் அதிகாரி. 1873ல் 'தி ராட் இன் இந்தியா' என்று ஒரு புத்தகம் எழுதினார். 1887ல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவது பற்றி இன்னொன்று. நம் நாட்டில் ராடும் ரீலும் வைத்து மீன் பிடித்தவர்களுக்கு அவை ரெண்டும் வேதம் மாதிரி. அவர்கள் கொண்டுவந்த சாமானில் எனக்கு அதிசயமாகப் பட்டது 'கட்' என்கிற நரம்பு. பட்டுப்புழு கூடு கட்டுவதற்குச் சற்று முன்னால் அதைப் புளித்த காடியில் ஊறவைத்து, வயிற்றுக்குள் இருக்கும் பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து இழுத்தால் ஒரு முழம் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி இழை வரும். ஸ்பெயினில் மூர்சியா என்ற ஊரில் இதுவே ஒரு தொழில். அந்த முழத் துண்டுகளை முடிச்சுப் போட்டு இணைத்து, மீன் கண்ணுக்குத் தெரியாத கடைசிப் பகுதிக்குக் கட்டினார்கள். இன்று லீடர் என்கிறோமே, அதன் பாட்டி இது.

ஜப்பானில் இந்தப் பட்டு நரம்புக்குத் 'தெகுசு' என்று பெயர். இப்போது நைலான் வந்த பிறகும் அதே பெயரால்தான் சொல்கிறார்கள். மலாயில் 'தங்சி'. நம்ம ஊர்க் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள், 'தங்கூஸ் நரம்பு' என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். இலங்கைத் தமிழரும் தங்கூசி என்பார்கள். மூன்று கடலோரத்துக்கும் ஏறக்குறைய ஒரே சத்தம். தூண்டில்காரனுக்குப் பாஸ்போர்ட் தேவைப்படாத காலம் அது.

அப்புறம் நைலான். அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் வாலஸ் கராதர்ஸ் என்ற வேதியியலாளரின் குழு 1935ல் அதைக் கண்டுபிடித்தது. அது கடைக்கு வருவதற்குள் 1937ல் அவர் இறந்துபோனார். பல்துலக்கும் பிரஷ்ஷின் முடியாக 1938ல் முதலில் விற்றது. அடுத்து தூண்டில் நரம்பு, பெண்களின் காலுறை என்று போயிற்று. போர் வந்ததும் எல்லாம் பாராசூட்டுக்குப் போய்விட்டது. நம் கரைக்கு நைலான் சேர 1950களின் கடைசி, 60கள் ஆயிற்று. கொச்சியில் 1957ல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் செயற்கை இழை வலைகளைச் சோதித்துப் பரப்பியதில் பெரிய பங்கு வகித்தது.

வந்ததும் என்ன ஆயிற்று என்றால், காயப்போடுகிற வேலை ஒழிந்தது. துவர் காய்ச்சுகிற அண்டா ஓட்டை விழுந்து கிடந்தது. ஒரே கனத்தில் பருத்தியைவிடப் பலமடங்கு வலு, தண்ணீரில் மறைந்துவிடும், மீனும் கூடுதலாக விழுந்தது. குப்பத்துப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்றோடு வயலுக்கும் ஏரிக்கும் இருந்த ஒரு கொடுக்கல் வாங்கல் அறுந்தது. நாருக்குச் சணப்பு போடுகிறவன் இல்லை. எருக்கை உரிக்கத் தெரிந்தவன் இல்லை. நாங்கள் மீனை மார்க்கெட்டில் வாங்குகிறோம், அவர்கள் அரிசியை ரேஷனில் வாங்குகிறார்கள்.

இப்போது ரீலில் சுற்றிவருகிற பிரெய்டு பற்றி ஒரு வேடிக்கை. இந்தப் பின்னல் நூல் பாலிஎத்திலீன் இழை, டைனீமா என்று ஒரு வகை. அதைத் தயாரித்து 1990 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்தது நெதர்லாந்தின் டிஎஸ்எம் கம்பெனி. அதே நெதர்லாந்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் 1610ல் நம்ம பழவேற்காட்டில் இறங்கி, 1613ல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, இங்கே நெய்த பருத்தித் துணியைக் கப்பல் கப்பலாகக் கிழக்கே ஏற்றினார்கள். அப்போது நூல் இங்கிருந்து போயிற்று. இப்போது அங்கே பிறந்த நூல் இங்கே வருகிறது, மீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று.

சரி, வாங்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இது என் சொந்தச் சரக்கு இல்லை, பிடிக்கிறவர்களிடம் கேட்டதும் பார்த்ததும். மெயின் லைன் 20 முதல் 30 பவுண்டு பிரெய்டு போதும். பிரெய்டு இழுவைக்கு ராஜா, உரசலுக்குப் பூஜ்யம், செவுள் ஓரத்தில் பட்டால் சட்டென்று போய்விடும். அதனால் நுனியில் ஒரு பாகம், ரெண்டு முழமாவது, 40 முதல் 60 பவுண்டு கனமான நைலான் அல்லது ஃப்ளூரோகார்பன் லீடர் கட்டியே ஆக வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது. ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் லீடரின் கடைசிச் சாணை விரலில் உருவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டுப் புதுசாகக் கட்டுங்கள். ராடு ஏழடி, நுனி இளக்கம், அடி வலு. ரொம்ப விறைப்பாக இருந்தால் மீன் எகிறும்போது முள் கழன்றுவிடும். முள் கனமான கம்பியாக இருக்கட்டும், மெல்லியதைக் கொடுவா நிமிர்த்திவிடும். ரப்பர் மீனைவிட உயிர் இறாலும் மடவைக் குஞ்சும்தான் இங்கே பேசும் என்று குப்பத்தில் அடித்துச் சொல்கிறார்கள். நேரம், தண்ணீர் ஓடுகிற நேரம். ஏற்றமோ வற்றமோ, நின்ற தண்ணீரில் கொடுவா வாய் திறக்காது.

எங்கே நிற்பது என்பதுதான் சாமானைவிடப் பெரிய விஷயம். பழவேற்காடு ஏரி பார்க்கக் கடல் மாதிரி. நீளம் 60 கிலோமீட்டர் அளவுக்குப் போகும், பெரும்பகுதி ஆந்திராவில். ஆனால் ஆழம் சராசரி ஒரு மீட்டர்தான். இந்த ஆழமில்லாத தண்ணீரில் எல்லா இடமும் யாருக்கோ பாத்தியப்பட்டது. பழவேற்காட்டு மீனவக் கிராமங்களில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்தத் தலைக்கட்டுக்கு எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ஏரித் தண்ணீரில் கோடு தெரியாது, ஆனால் கோடு இருக்கிறது. எங்கள் வயலுக்கு வாய்க்கால் முறை இருக்கிற மாதிரி. அது தவிர இருளர்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிற இடங்கள் இருக்கின்றன. அவர்கள் கை போகிற இடத்தில் நீங்கள் மூணு முள் வைத்த லூரை அறுத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? யோசித்துக்கொள்ளுங்கள். கரையில் யாராவது ஒருத்தரிடம், "அண்ணே, இங்க போடலாமா?" என்று கேட்டுவிட்டுப் போடுவது நல்லது. வேண்டாம் என்று சொன்னாலும் வேறு இடம் காட்டிவிடுவார்கள்.

அறுந்த நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எருக்கம் நார் அறுந்தால் கொஞ்ச காலத்தில் மண்ணாகிவிடும். நைலான் ஆகாது, பிரெய்டு ஆகவே ஆகாது. வாடைக் காற்று தொடங்கினால் ஏரிக்குப் பூநாரை வருகிறது, கூழைக்கடா வருகிறது. சேற்றில் காலால் துழாவி இரை தேடுகிற பறவைகளுக்குக் காலில் சுற்றிய தங்கூஸை அவிழ்க்கக் கை கிடையாது. வெட்டிப்போட்ட லீடர் துண்டுகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இன்னொன்று, கொடுவா பிறக்கும்போது பெரும்பாலும் ஆண். சில வருஷம் வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறும். ஆக நீங்கள் போட்டோ எடுக்க ஆசைப்படுகிற அந்தப் பெரிய மீன், அனேகமாக முட்டை சுமக்கிற தாய். முட்டையிட அது முகத்துவாரம் பக்கம் உப்புத் தண்ணீருக்குப் போக வேண்டும், குஞ்சுகள் அங்கிருந்து ஏரிக்குள் வர வேண்டும். முகத்துவாரம் மணல் மூடினால் அந்தப் போக்குவரத்து நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணி ஆற்றில் வெள்ளம் வந்து மணலைத் தள்ளினால்தான் உண்டு. சில வருஷம் குப்பத்துக்காரர்களே மண்வெட்டியோடு போய் வெட்டிவிடுகிறார்கள். சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், இந்தியாவிலேயே முதல்முறையாக 1997ல் கொடுவாவைத் தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தது. இப்போது பண்ணைக் கொடுவா தாராளமாகக் கிடைக்கிறது. ஓட்டல்காரர்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை. கவலை ஏரிக் கொடுவாவை நம்பி இருக்கிறவர்களுக்குத்தான்.

போன தையில் எங்கள் கிழக்கு வரப்பில் நின்ற எருக்கில் ரெண்டு தண்டு வெட்டிக் காயவைத்து உரித்துப் பார்த்தேன். பாதி நாள் போயிற்று, மூணு பாகம் கயிறு தேறியது. பக்கத்துக் குப்பத்துப் பையன் ஒருத்தன் அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணா இது, அறுக்கவே மாட்டேங்குது" என்று வாங்கிக்கொண்டு போனான். மதகில் கெளுத்திக்குப் போட்டிருக்கிறானாம்.